கொடுக்கிறவர் யார்?

ஞாயிற்றுக்கிழமை மதியம். சாப்பாட்டு மேஜையைச் சுற்றி நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். நாலு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சாப்பிடுவதில் மும்முரமாக இருந்தார்கள். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் வீட்டுக்காரர், தட்டில் எதையோ தொலைத்துவிட்டவர் மாதிரி குனிந்திருந்தார். அவர் மனைவி ஜன்னலையே பார்த்துக்கொண்டு மென்றாள். பள்ளிக்கூடம் போகும் இரட்டைப் பெண்கள் மேஜைக்கு அடியில் காலால் பேசிக்கொண்டார்கள். ஐந்தாவது ஆள் மட்டும் வழக்கம்போல் நின்றபடி பரிமாறிக்கொண்டிருந்தாள். அவள் கையிலிருந்த கரண்டி கொஞ்சமும் நடுங்கவில்லை. மற்ற நாலு பேருக்கும் அதுதான் பெரிய கவலையாக இருந்தது.

"உனக்குக் கால் மரத்துப்போச்சா?" என்று கடைசியில் வீட்டுக்காரி கேட்டாள்.

"இல்லயே அண்ணி."

"அப்புறம் காலையில சபையில எதுக்கு எந்திரிச்சே?"

"விருப்பமிருக்கறவங்கள எந்திரிக்கச் சொன்னாங்க. எந்திரிச்சேன்."

இன்னும் கொஞ்சம் வேண்டுமா என்று பரிமாறுகிறவள் கேட்க, வேண்டாம் என்று வீட்டுக்காரர் தலையாட்ட, சாப்பாடு முடிந்தது.

ஐந்தாவது ஆள் வீட்டுக்காரரின் தங்கை. புருஷன் போன பிறகு அண்ணன் வீட்டோடு வந்து சேர்ந்தவள். இரட்டைப் பெண்கள் அவளை அத்தை என்றார்கள். அதைக் கேட்டுப் பால்காரன் அத்தை என்றான், மாடியில் குடியிருப்பவர்கள் அத்தை என்றார்கள், போகப்போக அண்ணனே மறதியில் "அத்தை, என் சட்டை எங்க?" என்று குரல் கொடுக்கத் தொடங்கியிருந்தார். நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம்.

காலையில் நடந்தது இதுதான். அவர்கள் சபையில் வருஷத்துக்கு ஒரு முறை மிஷன் ஞாயிறு வரும். வெளியூரிலிருந்து ஒருவர் வந்து ஊழியத்தைப் பற்றிப் பேசுவார். பேச்சு முடிந்ததும் சபையார் எல்லாரும் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். ஊழியத்துக்குத் தன்னை ஒப்புக்கொடுக்க விரும்புகிறவர் எழுந்து நிற்க வேண்டும். யாரும் யாரையும் பார்க்கக் கூடாது என்பது ஏற்பாடு. மிஷன் சங்கச் செயலாளருக்கு மட்டும் விதிவிலக்கு உண்டு. அவர் ஒரு கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு, யாராவது எழுந்தால் மைக்கில் ஸ்தோத்திரம் சொல்லி, தயங்கிக்கொண்டிருக்கும் மற்றவர்களுக்குத் தைரியம் ஊட்ட வேண்டும். கண்ணாடிக் கடை அண்ணன்தான் அந்தச் செயலாளர். பல வருஷமாக அந்தப் பதவியில் அவரை அசைக்க ஆளில்லை.

இந்த வருஷம் பேச வந்தவர் மலைக்கு அப்பாலுள்ள நோயாளிகள் இல்லத்தின் மேட்ரன். சொந்த வீட்டாரே கைவிட்ட நோயாளிகளை அங்கே வைத்துப் பார்க்கிறார்கள். சுருக்கமாகப் பேசி முடித்து, யார் வருகிறீர்கள் என்று கேட்டுவிட்டு அந்த அம்மாள் நின்றார். ஒருவரும் எழவில்லை. பாடகர் குழு பாட்டை முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது. ஆள் எழும்பாத மிஷன் ஞாயிறு என்றால் செயலாளருக்கு அல்லவா தலைக்குனிவு? அந்த நேரம் பார்த்துப் பின்வரிசையில் ஓர் உருவம் எழுந்தது. ஜெபத்துக்கு மரியாதையாக அண்ணன் தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்திருந்தார். எழுந்தது பெண் என்பது வரைக்கும்தான் அவருக்குத் தெரிந்தது.

"ஸ்தோத்திரம்! ஒரு சகோதரி எழும்பியிருக்காங்க. அந்த வீடு பாக்கியம் பெற்ற வீடு. அந்த வீட்டுத் தலைவருக்காக எல்லாரும் ஆண்டவரைத் துதிப்போம்" என்று மைக்கில் முழங்கிவிட்டு, சந்தோஷத்தோடு கண்ணாடியை எடுத்து மாட்டினார். பாக்கியம் பெற்ற வீட்டுத் தலைவர் தாம்தான் என்று தெரிந்ததும் துதி தொண்டையிலேயே நின்றுவிட்டது. சபையார் மட்டும் நன்றாகத் துதித்தார்கள்.

அண்ணனின் சங்கடத்தை நாம் புரிந்துகொள்ள வேண்டும். வீட்டுக்கு ஒருவர் என்பது அவருடைய பேர்பெற்ற பிரசங்கம். ஒவ்வொரு வீடும் ஊழியத்துக்கு ஓர் ஆளைக் கொடுத்தால் உலகமே மாறிவிடும் என்று அவர் கண்ணீரோடு பேசும்போது கல்லும் கரையும். அப்படிப் பேசும்போதெல்லாம் அவர் மனதில் இருந்தவை அடுத்தவர் வீடுகள். தன் வீடும் ஒரு வீடுதான் என்பது அவருக்குத் தோன்றியதே இல்லை.

அந்த வீடு எப்படி ஓடியது என்பதையும் சொல்ல வேண்டும். எல்லாருக்கும் முன்னால் எழுந்து எல்லாருக்கும் பின்னால் படுப்பவள் அத்தை. சமையல், துணி, இஸ்திரி, இரட்டையருக்குத் தலைவாரல், மாடிக் குடித்தனக்காரர்களோடு தண்ணீர்ச் சண்டை எல்லாம் அவள் பொறுப்பு. கடையிலிருந்து தினமும் ஒரு பை நிறையக் கண்ணாடி துடைக்கும் மஞ்சள் துணிகள் வரும். அவற்றை அலசி, கொடியில் வரிசையாகக் காயப்போட்டு, மறுநாள் மடித்துக் கொடுக்க வேண்டும். அண்ணிக்கு அடுப்பைப் பற்றவைக்கத் தெரியும். அது பாதியில் அணைந்தால் எங்கே தட்ட வேண்டும் என்பது அத்தைக்குத்தான் தெரியும். இதற்கெல்லாம் வேலை என்று பெயரில்லை. ஆதரவில்லாத தங்கையை அண்ணன் வைத்துப் பார்த்துக்கொள்கிறார் என்று பெயர். சபையில் அவருக்கிருந்த நல்ல பெயரில் பாதி அதில் வந்ததுதான்.

அத்தைக்கு வானத்திலிருந்து குரல் எதுவும் கேட்கவில்லை. மாலைதோறும் கூடத்தில் குடும்ப ஜெபம் நடக்கும். அது சமையல் கொதிக்கிற நேரம் என்பதால் அவள் அடுக்களையிலிருந்தே ஆமென் சொல்லிக்கொள்வாள். மத்தியான வேளையில் தனியாக வேதத்தை எடுத்துப் படிப்பாள். படிக்கப் படிக்கக் கேள்விகள் வந்தன. ஒருநாள் அண்ணனிடம், ஆண்டவர் எதற்காகச் சீஷர்களின் காலைக் கழுவினார், அந்த வீட்டில் கழுவிவிட வேறு பெண்பிள்ளை இல்லையா என்று கேட்டாள். அண்ணன் சற்று யோசித்துவிட்டு, பால் பொங்குது பார் என்றார். பால் பொங்கவில்லை. அதற்குப் பிறகு அவள் யாரிடமும் எதையும் கேட்கவில்லை.

மேட்ரன் தம் பேச்சில் போகிறபோக்கில் ஒன்று சொன்னார். அந்த இல்லத்தில் தினமும் காலையில், வேலை தொடங்குவதற்கு முன், மருத்துவரிலிருந்து துணி துவைப்பவர் வரை எல்லாரும் ஒரே மேஜையைச் சுற்றி வேதத்தோடு உட்காருவார்களாம். யாரும் எதையும் கேட்கலாமாம். அந்த நேரத்தில் எது பொங்கினாலும் பொங்கட்டும் என்பதுதான் அங்கே சட்டமாம். சபையார் இதற்குச் சிரித்தார்கள். அத்தைக்குச் சிரிப்பு வரவில்லை, அழுகை வந்தது. புருஷன் படுக்கையில் கிடந்த கடைசிக் காலத்தில் அவனைப் புரட்டிப் போட்டுக் குளிப்பாட்டி, ஊட்டிவிட்டு, துடைத்துவிட்டதெல்லாம் அவள்தான். அந்த வேலை அவளுக்குத் தெரியும், அதில் அருவருப்பு கிடையாது. ஆனால் வாழ்க்கையில் ஒருதடவையாவது உட்கார்ந்து கற்றுக்கொள்கிற ஆளாக, சீஷியாக இருந்துவிட வேண்டும் என்று அவள் ஆசைப்பட்டாள். அதனால்தான் எழுந்தாள்.

திங்கட்கிழமையே போதகர் வீடு தேடி வந்துவிட்டார். சபைக்குப் புதிதாக வந்தவர், ஒல்லி, யாரிடமும் முகத்தை முறித்துப் பேசத் தெரியாதவர். டீயைக் குடித்துவிட்டு விஷயத்துக்கு வந்தார். ஊழியத்துக்குப் போகிறவரை அனுப்ப ஓர் ஆராதனை உண்டு; அதை நடத்த வேண்டுமானால் கொடுக்கிறவர் யார் என்று முதலில் தெரிய வேண்டும்.

அது அந்தச் சபையின் நெடுநாள் வழக்கம். போகிறவர் பீடத்தின் முன் முழங்காலில் நிற்க, போதகர் உரத்த குரலில், இவளை ஊழியத்துக்குக் கொடுக்கிறவர் யார் என்று கேட்பார். தகப்பனோ புருஷனோ எழுந்து வந்து, நான் கொடுக்கிறேன் என்பார். ஆண்பிள்ளை போவதானால் அந்தக் கேள்வியே கிடையாது. அவன் தன் காலில் நடந்து வருவான், நடந்து போவான். பெண் என்றால் ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குத்தான் போக வேண்டும் என்று முன்னோர்கள் முடிவு செய்துவைத்திருந்தார்கள். விதவை ஒருத்தி இதற்குமுன் கிளம்பியதில்லை. அதனால் அவள் யார் கையில் இருக்கிறாள் என்று யாரும் யோசித்ததில்லை.

கேள்வியைக் கேட்டதும் அண்ணன் முகம் மலர்ந்தது. ஒரு வழி கிடைத்துவிட்டது.

"எனக்குப் பரிபூரண சந்தோஷம் ஐயா. நான் தடையா நிப்பேனா? ஆனா பாருங்க, கட்டிக்குடுத்த பொண்ணு. அந்த வீட்டு ஆளு. நான் எடுத்துக் குடுத்தா முறையா இருக்காது. அவங்க வாயால வரணும்."

அந்த வீடு என்றால் அத்தையின் புருஷனுடைய அண்ணன் வீடு. அவர் அச்சகம் வைத்திருக்கிறார். அவர் மனைவிக்கு முழங்காலில் ஆபரேஷன் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அது முடிந்ததும் பார்த்துக்கொள்ளத் தம்பி பெண்டாட்டியைக் கொஞ்ச நாள் அனுப்புங்கள் என்று அச்சகக்காரர் இரண்டு தடவை சொல்லியனுப்பியிருந்தார். கொஞ்ச நாள் என்றால் எவ்வளவு நாள் என்பது அண்ணனுக்குத் தெரியும். ஆகவே அந்த மனிதர் ஒருக்காலும் கொடுக்கமாட்டார். மறுத்த பழி அவர் தலையில் விழும். தங்கை வீட்டிலேயே இருப்பாள். வீட்டுக்கு ஒருவர் பிரசங்கத்துக்கும் பங்கம் வராது. அண்ணன் போதகருக்கு இன்னொரு பிஸ்கட் எடுத்துக் கொடுத்தார்.

போதகர் ஸ்கூட்டரில் ஏறி அச்சகத்துக்குப் போனார். அச்சகக்காரர் விவரமானவர். மிஷன் சங்கப் பத்திரிகை அச்சாவது அவரிடம்தான். மிஷனுக்கு ஆள் தரமாட்டேன் என்று அவர் வாயால் எப்படிச் சொல்வார்? மெஷின் சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்தி, தமக்கும் மிகுந்த சந்தோஷம் என்றார். ஆனால் தம்பியே போய்விட்டான், இத்தனை வருஷமாக அவள் இருப்பது அண்ணன் வீட்டில், சோறு போடுகிறவர் அவர், அவரை மீறித் தாம் கொடுத்தால் நன்றாக இருக்குமா என்று கேட்டார். அவள் போனால் கண்ணாடிக் கடைக்காரர் பாடு என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியாதா? அவர் கொடுக்கமாட்டார் என்று இவரும் உறுதியாக நம்பினார்.

அந்த வாரம் முழுக்கப் போதகர் இரண்டு வீட்டுக்கும் நடுவில் அலைந்தார். போன இடமெல்லாம் சந்தோஷம், போன இடமெல்லாம் டீ. முடியாது என்று ஒருவரும் சொல்லவில்லை. சரி என்றும் ஒருவரும் சொல்லவில்லை. இதற்கிடையில் அண்ணி தன் பங்குக்கு அத்தையைப் பலவிதமாகத் தடுத்துப் பார்த்தாள். தலைவலி என்று படுத்தாள். அத்தை தைலம் தேய்த்துவிட்டாள். இரட்டையர் அழுவார்கள் என்றாள். இரட்டையரோ, அத்தை போனால் அவளுடைய கட்டில் யாருக்கு என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். மலைக்கு அப்பால் குளிர் தாங்காது என்றாள்; அத்தை பெட்டியிலிருந்து புருஷனின் பழைய ஸ்வெட்டரை எடுத்து வெயிலில் போட்டாள். மஞ்சள் துணிகளுக்குப் பக்கத்தில் ஸ்வெட்டர் காய்வதைப் பார்த்த பிறகுதான் இது விளையாட்டுக் காரியம் இல்லை என்று அண்ணிக்கு உறைத்தது.

சனிக்கிழமை சாயங்காலம் கோயிலை ஒட்டிய கமிட்டி அறையில் எல்லாரையும் கூப்பிட்டுவைத்துப் பேசிவிடுவது என்று போதகர் முடிவு செய்தார். மூப்பர்கள் வந்தார்கள். அண்ணன் வந்தார். அச்சகக்காரர் விரலில் மையோடு வந்தார். பெண்கள் ஐக்கியத் தலைவி என்ற முறையில் அண்ணி வந்தாள். அத்தையையும் வரச்சொல்லியிருந்தார்கள். அவள் உள்ளே வந்ததும் ஒரு மூப்பர் மூலையிலிருந்த டீ கெட்டிலைச் சுட்டிக்காட்டினார். அவள் எல்லாருக்கும் ஊற்ற ஆரம்பித்தாள்.

அண்ணன் முதலில் எழுந்து, பெண்ணைப் பெற்ற வீட்டுக்குக் கல்யாணத்தோடு உரிமை முடிந்துவிடுகிறது என்பதைப் பிரசங்க நயத்தோடு எடுத்துச் சொன்னார். அச்சகக்காரர் அதை ஒப்புக்கொள்ளவில்லை. இருக்கிற வீடுதான் சொந்த வீடு என்றார். பேச்சு வளர்ந்தது. வளர வளர இரண்டு பேருக்கும் ரோஷம் வந்துவிட்டது. அவளைத் தக்கவைத்துக்கொள்ளத்தான் இந்தக் கூத்தெல்லாம் என்பதையே மறந்து, அவள் தங்களுடையவள் இல்லை என்று நிரூபிப்பதில் மும்முரமாக இறங்கிவிட்டார்கள்.

"கல்லறைத் தோட்டத்துல உங்க தம்பிக்குப் பக்கத்துல இவளுக்குன்னு இடம் விட்டு வச்சிருக்கீங்களே அத்தான், அது எதுக்கு?" என்று அண்ணன் மடக்கினார்.

"செத்தா எங்க ஆளு மச்சான். உசுரோட இருக்கற வரைக்கும் உங்க ஆளு."

"சட்டத்துல அப்படி இல்ல. அவ எங்க வீட்டு ஆளே கிடையாது."

"எங்க வீட்டு ஆளும் கிடையாது. ஐயா, எழுதிக்கிடுங்க."

கெட்டில் மேஜைமேல் வைக்கப்படும் சத்தம் கேட்டது. அத்தை ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். அந்த அறையில் அவள் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை என்பதால் எல்லாரும் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

"ஐயா, என் வீட்டுக்காரரை அடக்கம் பண்ணின மறுநாள் இதே ரூம்ல இவங்க ரெண்டு பேரும் இதே பேச்சைத்தான் பேசினாங்க. அன்னிக்கும் நான்தான் டீ ஊத்தினேன். அன்னிக்கு ரெண்டு பேருக்கும் நான் வேணாம். அண்ணிக்குப் பிரசவம், ரெட்டைப் பிள்ளைங்க, பாத்துக்க ஆள் இல்லை, அதனால அண்ணன் கூட்டிட்டுப் போனாரு. இன்னிக்கு ரெண்டு பேருக்கும் நான் வேணும். வேணும்னு சொல்ல வெக்கமா இருக்கு. அதான் இப்படிச் சுத்தி வளைக்கிறாங்க."

அண்ணிக்குப் பொறுக்கவில்லை. அங்கே போயும் சமைக்கிறதும் துவைக்கிறதும் துடைக்கிறதும்தானே, அதை இங்கேயே செய்தால் என்ன குறைந்துபோகும் என்று கேட்டாள். கேள்வி நியாயமானது போலத்தான் இருந்தது. இரண்டு மூப்பர்கள் தலையைக்கூட ஆட்டினார்கள்.

"அங்க செஞ்சா ஊழியம்னு சொல்றாங்க அண்ணி. இங்க செஞ்சா எனக்குச் சோறு போட்டு வச்சிருக்கறதா சொல்றீங்க" என்றாள் அத்தை. குரலில் கோபம் இல்லை. டீ ஆறிவிட்டது என்று சொல்கிற குரலில்தான் சொன்னாள். அண்ணி கைக்குட்டையை மடித்தாள். தலையாட்டிய மூப்பர்கள் தங்கள் கோப்பைக்குள் பார்த்தார்கள்.

போதகர் பாவம், நெற்றியைத் துடைத்துக்கொண்டார். நியாயம் எந்தப் பக்கம் என்பது அவருக்கு விளங்காமல் இல்லை. ஆனால் ஆராதனை முறையில் அந்தக் கேள்வி இருக்கிறது, கேட்காமல் விட்டால் மேலிடத்தில் பதில் சொல்ல வேண்டும், கேட்டால் யாராவது எழுந்து பதில் சொல்ல வேண்டும், என்ன செய்வது என்று விழித்தார்.

"நீங்க கேளுங்க ஐயா" என்றாள் அத்தை. "ரெண்டு வீட்டு ஆளும் இல்லன்னு சாட்சியோட சொல்லியாச்சு. அப்ப நான் யார்கிட்ட இருக்கேனோ அவங்க பதில் சொல்லுவாங்க."

பிறகு எழுந்து காலிக் கோப்பைகளை எடுக்கக் கை நீட்டியவள், பாதியில் கையை இழுத்துக்கொண்டு, எல்லாருக்கும் வணக்கம் சொல்லிவிட்டுப் போனாள். கோப்பைகள் மேஜையிலேயே கிடந்தன. கூட்டம் முடிந்த பிறகு அவற்றைப் போதகரே கழுவினார் என்று கேள்வி.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் இடமில்லை. வழக்கமாகப் பண்டிகைக்கு மட்டும் வருகிறவர்கள்கூட வந்திருந்தார்கள். அத்தை பீடத்துக்கு முன் முழங்காலில் நின்றாள். அண்ணன் முதல் வரிசையில் இடப்பக்கம், அச்சகக்காரர் முதல் வரிசையில் வலப்பக்கம். கேட்கும்போது எழுந்து நின்று, கொடுக்க எனக்கு உரிமையில்லை என்று சொல்லிவிடலாமா என்று இரவெல்லாம் அண்ணனுக்கு யோசனை. அப்படிச் சொன்னால் சபை எப்படிப் பார்க்கும் என்ற பயமும் இருந்தது. வலப்பக்கத்திலும் அதே யோசனை, அதே பயம்.

"இந்தச் சகோதரியை ஊழியத்துக்குக் கொடுக்கிறவர் யார்?" என்று போதகர் கேட்டார். கேட்கும்போது அவர் குரல் கொஞ்சம் கீச்சிட்டது.

அண்ணன் கூரையைப் பார்த்தார். அச்சகக்காரருக்கு இருமல் வந்தது. இந்தத் தடவை யாரையும் கண்ணை மூடச் சொல்லவில்லை என்பதால் சபை முழுவதும் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தது. எழுந்தால் போய்விடுவாள், எழாவிட்டால் மானம் போய்விடும். அவர்கள் இன்னும் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தபோதே முன்னாலிருந்து பதில் வந்தது.

"நான்தான் கொடுக்கிறேன் ஐயா."

அத்தை குனிந்த தலையை நிமிர்த்திச் சொன்னாள். பின்வரிசை வரைக்கும் கேட்டது. பதற்றத்தில் போதகர் புத்தகத்திலிருந்த அடுத்த வரியை அப்படியே வாசித்துவிட்டார்.

"கொடுத்தவர் தம் இடத்துக்குப் போய் அமரலாம்."

இரட்டையரில் ஒருத்தி பக்கென்று சிரித்துவிட்டாள். இன்னொருத்தியும் சிரித்தாள். அங்கிருந்து சிரிப்பு பெண்கள் பக்கம் முழுக்கப் பரவியது. கைக்குழந்தைக்காரிகள் சிரித்தார்கள், கோயில் கூட்டுகிற அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். அத்தைக்கும் சிரிப்பு வந்தது. ஆனாலும் எழவில்லை.

"இதுதான் ஐயா என் இடம்" என்றாள்.

போதகர் புத்தகத்தை மூடினார். பிறகு நடந்தது எதுவும் புத்தகத்தில் இல்லை. அவர் அவள் தலைமேல் கைவைத்துத் தன் சொந்த வார்த்தைகளில் ஜெபித்தார். சபைக்கு வந்த நாளிலிருந்து அவர் அவ்வளவு தெளிவாகப் பேசி யாரும் கேட்டதில்லை.

இதற்குள் அண்ணன் நிதானத்துக்கு வந்துவிட்டார். பெரிய மனிதர்களுக்கு அது சீக்கிரம் வந்துவிடும். ஆராதனை முடிந்து வெளியே வருவதற்குள், வீட்டுக்கு ஒருவர் என்று வாயால் சொன்னால் போதாது, செய்து காட்ட வேண்டும், எங்கள் வீட்டிலிருந்து ஓர் ஆளைக் கொடுத்துவிட்டோம் என்று ஒரு கூட்டத்துக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர்கள் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். கொஞ்சம் தள்ளி அச்சகக்காரர் நின்று, எங்கள் தம்பி பெண்டாட்டிதான், எங்கள் குடும்பத்திலிருந்து முதல் மிஷனரி, அடுத்த பத்திரிகையில் முதல் பக்கத்தில் போடுகிறேன் என்று இன்னொரு கூட்டத்துக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். கேட்டபோது கொடுக்க யாருமில்லாதவளுக்கு இப்போது இரண்டு கொடையாளிகள். அத்தை இரண்டு கூட்டத்துக்கும் நடுவில் புகுந்து, பெட்டி அடுக்க வீட்டுக்குப் போனாள்.

புதன்கிழமை பஸ் நிலையத்துக்கு எல்லாரும் வழியனுப்ப வந்தார்கள். அத்தையிடம் இருந்தது ஒரே பெட்டி. ஸ்வெட்டரைக் கையில் வைத்திருந்தாள். இரட்டையர் அப்போதுதான் உண்மையாகவே அழுதார்கள். இரண்டு பேர் தலையையும் அவள் தடவிக்கொடுத்தாள், அவளும் கொஞ்சம் அழுதாள். பெற்ற பிள்ளைகளுக்கு மேலாகப் பார்த்தவை. அவர்களைப் பார்க்கப் பார்க்க, போகாமல் இருந்துவிடலாமா என்று ஒரு நொடி தோன்றத்தான் செய்தது. அடுப்பு அணைந்தால் எங்கே தட்ட வேண்டும் என்று இரண்டு பேர் காதிலும் சொல்லிவிட்டுப் பஸ்ஸில் ஏறினாள்.

அண்ணன் ஜன்னலுக்குக் கீழே நின்று, வந்திருந்த சபையாருக்கும் கேட்கும்படி ஜெபிக்கத் தொடங்கினார். எங்கள் வீட்டின் இந்தக் காணிக்கையை நாங்கள் மனப்பூர்வமாகக் கொடுக்கிறோம் என்று அவர் குரல் உயர்ந்த இடத்தில் அத்தை பலமாக ஆமென் சொல்லிவிட்டாள். ஆமென் சொன்ன பிறகு ஜெபத்தை எப்படித் தொடர்வது? அண்ணன் கண்ணைத் திறந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

பஸ் கிளம்ப இன்னும் கொஞ்சம் நேரம் இருந்தது. அண்ணி இவ்வளவு நேரமும் போதகரின் மனைவியை ஒதுக்குப்புறமாக அழைத்துப்போய் ஏதோ பேசிக்கொண்டிருந்தாள். தாழ்ந்த குரலில்தான் பேசினாள். ஆனால் அடுக்களையிலிருந்தே கூடத்து ஜெபத்தைக் கேட்டுப் பழகிய காதுக்கு அது தப்பவில்லை.

"உங்களுக்குத் தெரிஞ்சு யாராவது ஆதரவில்லாத விதவை இருந்தாச் சொல்லுங்கம்மா. பிள்ளைகுட்டி இல்லாதவளா இருந்தா நல்லது. பாவம், நாங்க வீட்டோட வச்சுப் பாத்துக்குவோம்."

அத்தை ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள்.

"கண்டிப்பா சொல்லுங்கம்மா" என்றாள் போதகரின் மனைவியிடம். "சொல்லும்போது அந்தப் பொண்ணுகிட்ட மேட்ரன் அம்மாவோட விலாசத்தையும் சேத்துக் குடுத்துடுங்க. நான் சொல்றேன், எழுதிக்கிடுங்க."

பஸ் உறுமியது. போதகரின் மனைவி அண்ணியை ஒரு தடவை பார்த்துவிட்டு, கைப்பையைத் திறந்து பென்சிலைத் தேடினாள்.